பேரைச் சொன்னா நம்பிடலாமா? - ரிவர்ஸ் டிஎன்எஸ் வந்த கதை

நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்துல இருந்துதான் இந்தப் பதிவு ஆரம்பிக்குது.

எங்க தாத்தாவோட டைரியைத் தட்டச்சு பண்ணி ஒரு சின்னத் தளத்துல ஏத்தி வச்சிருக்கேன். ஒரு நாள் பார்த்தா மாசக் கோட்டாவுல பாதி காலி. லாகைத் திறந்தா ஒரு பாட் நொடிக்கு நாலு பக்கம்னு உறிஞ்சிட்டிருக்கு. பேரு 'கூகுள்பாட்'னு போட்டிருந்துச்சு. கடுப்பாகி, அந்தப் பேர்ல யார் வந்தாலும் கதவைச் சாத்துன்னு ஒரு வரி எழுதிட்டுத் தூங்கிட்டேன். சில வாரம் கழிச்சு திருநெல்வேலியில இருந்து அத்தை போன்: "ஏல, அப்பா எழுதுனதைக் கூகுள்ல தேடுனா ஒண்ணுமே வரலியே, எடுத்துட்டியா?"

வந்தவன் போலி. அவனோட சேர்த்து நிஜக் கூகுளையும் நான் துரத்தியிருக்கேன் :-(

ஒரு பாட் நம்ம வாசலுக்கு வரும்போது தன் பேரைத் தானே சொல்லிக்கும். யாரும் சரிபார்க்கிறதில்லை. ஒரே வரி நிரல்ல நீங்களும் கூகுள்பாட் ஆகலாம். 1994-ல இங்கிலாந்தோட நாட்டிங்ஹாம்ல, நெக்ஸார் நிறுவனத்துல இருந்த மார்ட்டின் கோஸ்டர் 'ரோபோட்ஸ்.டெக்ஸ்ட்' முறையை முன்வச்சார். நம்ம தளத்துல எங்கே வரலாம், எங்கே வரக்கூடாதுன்னு பாட்களுக்கு எழுதி வைக்கிற அறிவிப்புப் பலகை அது. 2022-ல அது முறையான தரநிலையாவும் ஆச்சு. ஆனா பலகை நல்லவனுக்குத்தான். பொய் சொல்றவனைப் பிடிக்க வேற வழி வேணும்.

பேரைப் பொய்யா சொல்லலாம், ஆனா பக்கத்தை வாங்கிட்டுப் போகணும்னா பதில் போய்ச் சேர ஒரு நிஜ ஐபி எண் வேணும். அந்த எண்ணை வச்சு பேரைக் கண்டுபிடிக்கிறதுதான் ரிவர்ஸ் டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல டிஎன்எஸ்-ஐ வடிவமைச்சார், 1987-ல அது இன்னைக்கு இருக்கிற தரநிலையாச்சு. அதுல 66.249.66.1-ங்கிற எண்ணைத் தலைகீழாத் திருப்பி, 1.66.249.66.இன்-ஆடர்.ஆர்பான்னு தேடணும்.

ஏன் திருப்பணும்? எண்ணுல பெரிய பகுதி முன்னாடி இருக்கு, பேர்ல பெரிய பகுதி கடைசியில இருக்கு. இதுல லண்டன்காரங்களுக்கு ஒரு உள்ளூர்க் கதை உண்டு. 1973-லயே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை அர்ப்பாநெட்டோட இணைச்சவர் பீட்டர் கிர்ஸ்டீன். பின்னாடி, 1984-ல உருவான பிரிட்டன் பல்கலைகளோட ஜேனட் வலையில பேரை நேர் எதிரா எழுதினாங்க. இணையத்துல 'சிஎஸ்.யூசிஎல்.ஏசி.யூகே'ன்னா, இவங்களுக்கு 'யூகே.ஏசி.யூசிஎல்.சிஎஸ்'. சிஎஸ்-னா கணினித் துறை. வெளியில இருந்து படிக்கிற மெஷினுக்குக் கடைசியில நிக்கிற சிஎஸ், செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக் குறியீடு! இந்தக் குழப்பத்துல துறைக்குப் போக வேண்டிய மடல் நாடு தாண்டிப் போகப் பார்க்கும் :-) டிஎன்எஸ்-ல பேரோட வால்தான் தலை. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கீழே தேவைப்படும்.

இப்ப முக்கியமான மேட்டர். எண்ணைக் கேட்டு வர்ற பேரை நம்பலாமா? கூடாது. அந்த எண் யார் கையில இருக்கோ, அதுக்கு என்ன பேர்னு எழுதுறதும் அவங்கதான். பெர்க்லி யூனிக்ஸோட ஆர்-லாகின் கட்டளை இதை நம்பித்தான் மோசம் போச்சு. நம்பகமான மெஷின் பேர்ல வந்தா கடவுச்சொல்லே கேக்காம உள்ளே விடும். பெல் லேப்ஸ்ல இருந்த ஸ்டீவன் பெலோவின் இந்த ஓட்டையைப் பத்தி 1990-ல எழுதி, ஆபத்துன்னு வெளியிடாம வச்சிருந்து, 1995-லதான் வெளியிட்டார். வந்த மருந்து ரொம்ப எளிசு: கிடைச்ச பேரைத் திரும்ப டிஎன்எஸ்-ல கேளு, அதே எண் வரணும். நெதர்லாந்தோட ஐந்தோவன்ல வீட்சா வெனமா எழுதின டிசிபி ராப்பர் நிரலும் இந்தச் சோதனையைச் செஞ்சுது.

நம்ம ஊர்ல மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரிதான். இன்ன பெரிய வீட்டுப் பையன்னு அவர் வாசல்ல பலகை தொங்குது. பலகையை அவரே எழுதி மாட்டியிருக்கலாமே? அந்தப் பெரிய வீட்டுக்கே போய், "இந்த விலாசத்துல இருக்கிறவர் உங்க ஆளா?"ன்னு கேட்டாத்தான் விசாரிப்பு முடியும்.

கூகுள்பாட்டோட எண்களைக் கொடுங்கன்னு தளம் நடத்துறவங்க நச்சரிச்சப்போ, கூகுளோட மேட் கட்ஸ் 2006 செப்டம்பர்ல சொன்ன வழி இதே பழைய மருந்துதான். எண் மாறிட்டே இருக்கும், அதனால எண்ணைக் கேட்டு பேரை வாங்கு, பேர் கூகுள்பாட்.காம்-ல முடியுதான்னு பாரு, அந்தப் பேரைக் கேட்டு அதே எண் வருதான்னு பாரு. கவனிங்க, 'முடியுதா'. நடுவுல 'கூகுள்பாட்.காம்' இருந்து, கடைசியில வேற எதாவது இருந்தா அது வேற எவனோட வீடு. வால்தான் தலை!

பிங்-கோட பாட்டுக்கும் இதே வழிதான், அங்கே பேர் சர்ச்.எம்எஸ்என்.காம்-ல முடியும். 2021-ல கூகுளே எண் பட்டியலையும் வெளியிட்டுச்சு. 2023-ல வந்த ஓப்பன்ஏஐ-யோட ஜிபிடிபாட்டுக்கும் பட்டியல் உண்டு. இன்னைக்கு ஏஐ-க்காக உறிஞ்சுற கூட்டத்துல போலிகளைப் பிரிக்கிறது இன்னும் அவசியமாயிடுச்சு.

ஒவ்வொரு வருகைக்கும் டிஎன்எஸ்-ஐக் கேக்காதீங்க, தளம் தவழும். ஒரு எண்ணை ஒரு தடவை விசாரிச்சு, விடையைக் கொஞ்ச நேரம் சேமிச்சு வச்சுக்கங்க. பேரை மட்டும் பார்த்துத் தடுக்கவும் செய்யாதீங்க. எல்லாருக்கும் கதவைச் சாத்தினா திருடன் வேற பேர்ல வருவான், நம்ம ஆளுதான் திரும்பிப் போயிடுவான்.

அந்த வரியை எடுத்துட்டு, ரெண்டு பக்க விசாரிப்பை வச்சுட்டேன். தாத்தா மெதுவாத் தேடல்ல திரும்ப வந்துட்டிருக்கார். அத்தைக்கு இன்னும் போன் பண்ணலை. செக்கோஸ்லோவாக்கியாவுல இருந்து ஆரம்பிச்சுடுவேனோன்னு பயமா இருக்கு :-)