மாவு மூட்டைத் துணி ஆடைகள்

மாவு மூட்டைத் துணி ஆடைகள் என்பவை, மாவு, சர்க்கரை, உப்பு, கோழித்தீவனம் முதலியன அடைத்து வந்த பருத்திப் பைகளைப் பிரித்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஊர்ப்புறப் பெண்கள் வீட்டிலேயே தைத்த ஆடைகளாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இவ்வழக்கம் 1930களிலும் 1940களிலும் உச்சத்தை அடைந்து, 1960களின் தொடக்கத்தில் மறைந்தது. வீட்டில் அணியும் கவுன், கையில்லாத கோடைச் சட்டை, சிறுவர் சட்டை, உள்ளாடை, வெயில் தொப்பி, மேலங்கி எனப் பலவும் இத்துணியில் தைக்கப்பட்டன.

இவ்வாடைகளைப் பற்றி இன்று சமூக ஊடகங்களில் ஒரு கதை பரவலாக வலம் வருகிறது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஏழைத் தாய்மார்கள் மாவுப் பைகளில் குழந்தைகளுக்கு ஆடை தைப்பதைக் கண்டு மனமிரங்கிய ஆலை முதலாளிகள், பைகளில் பூப்போட்ட துணியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள் என்பதே அக்கதை. கதை இனிமையானது, ஆனால் வரலாறு வேறு. பூப்போட்ட பைகள் பெருமந்தத்துக்கு முன்பே வந்துவிட்டன. அவற்றைக் கொண்டுவந்தது இரக்கமன்று, வணிகப் போட்டி. அந்தப் போட்டிக்கு அடிப்படையாக இருந்ததோ, அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே பெண்கள் செய்துவந்த தையல் வேலை.

பீப்பாயிலிருந்து பைக்கு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் மாவு மரப் பீப்பாய்களில் விற்கப்பட்டது. ஒரு பீப்பாய் மாவின் எடை 196 பவுண்டு (சுமார் 89 கிலோ). துணிப்பை மலிவானதுதான், ஆனால் கையால் தைத்த தையல் அவ்வளவு பாரத்தைத் தாங்கவில்லை. எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் இக்குறையைத் தீர்த்தது. 1858இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கப்பட்ட பெமிஸ் நிறுவனம் இயந்திரத்தில் தைத்த மாவுப் பைகளைச் செய்து விற்றது. பீப்பாயின் இடத்தைப் பை பிடித்த பின்னும் பழைய அளவு மாறவில்லை. அரைப் பீப்பாய்க்கு 98 பவுண்டுப் பை, கால் பீப்பாய்க்கு 49 பவுண்டுப் பை என அதே கணக்கு நெடுங்காலம் நீடித்தது.

பீப்பாய் காலியானால் விறகாகும். பை காலியானால் அது நல்ல பருத்தித் துணி. கடைத்துணி வாங்கப் பணமும், கடைக்குப் போக வண்டியும் எளிதில் கிடைக்காத ஊர்ப்புற வீடுகளில் அதைத் தூக்கி எறிய எவருக்கும் மனம் வரவில்லை.

கடல் கடந்தும் இப்பைகள் பயன்பட்டன. முதல் உலகப்போரின்போது செருமனியின் பிடியில் பட்டினி கிடந்த பெல்ஜியத்துக்கு, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான நிவாரண ஆணையம் பருத்திப் பைகளில் மாவு அனுப்பியது. பருத்தி வெடிமருந்து செய்யவும் பயன்படும் என்பதால் காலிப் பைகள் கணக்கு வைத்துக் காக்கப்பட்டன. பெல்ஜியப் பெண்கள் அவற்றில் ஆடைகள் தைத்தனர். பூத்தையல் செய்து நன்றியின் அடையாளமாக அமெரிக்காவுக்குத் திருப்பியும் அனுப்பினர். அவற்றுள் பல, அயோவா மாநிலம் வெஸ்ட் பிராஞ்சில் உள்ள ஹூவர் நினைவு நூலக அருங்காட்சியகத்தில் உள்ளன.

பையைத் துணியாக்குதல்

பை ஒரே நாளில் துணியாகிவிடாது. முதல் வேலை, தையலைப் பிரிப்பது. பைகள் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருந்தன. இன்றைய அரிசி மூட்டையைப் போலவே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் ஒரே இழுப்பில் வந்துவிடும். தவறான முனையை இழுத்தால் சிக்கிக்கொள்ளும். பிரித்த நூலையும் உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டு, கொக்கிப் பின்னலுக்கும் போர்வை தைக்கவும் பயன்படுத்தினர்.

அடுத்தது மை நீக்குதல். தொடக்ககாலப் பைகள் வெள்ளை நிறத்தவை. அவற்றின் நடுவில் ஆலையின் பெயரும் சின்னமும் எடையும் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். மையின் மேல் பன்றிக்கொழுப்பையோ மண்ணெண்ணெயையோ தடவி இரவு முழுவதும் ஊறவைப்பார்கள். மறுநாள் காரச் சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, தேய்த்துத் துவைத்து, வெயிலில் வெளுக்கப் போடுவார்கள். ஒரு முறையில் போகாத மைக்கு இரண்டு மூன்று முறை இதே பாடு. முழுவதும் போகாத துணி உள்ளாடையாகும். உட்பாவாடையிலோ உள்காற்சட்டையிலோ ஆலையின் பெயர் மங்கலாகத் தெரிவது அக்காலத்து மக்கள் சிரித்துச் சொல்லும் செய்திகளுள் ஒன்று.

100 பவுண்டுத் தீவனப் பையைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 36 அங்குல அகலமும் 44 அங்குல நீளமும் உள்ள துணி கிடைக்கும். அதாவது ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகம். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு கவுன் தைக்கப் பொதுவாக மூன்று பைகள் தேவைப்பட்டன. இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று பைகள் என்றால் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தீவனம். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு நூறு கிராமுக்குச் சற்றே கூடுதலாகத் தின்னும். 50 கோழிகள் உள்ள வீட்டில் அவ்வளவு தீவனமும் தீர மூன்றரை வாரம் ஆகும். ஆகவே ஒரு கோடை ஆடைக்கான துணி சேர ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

துணி குறைவு என்பதால் வெட்டுவதிலும் கணக்கு இருந்தது. பட்டியலில் வரும் ஆடைப் படத்தைப் பார்த்து, செய்தித்தாளில் மாதிரி வெட்டி, அதைத் துணியின் மேல் பலவாறு வைத்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுத்தனர். ஒட்டுப் போட வேண்டியிருந்தால் அது அக்குளுக்கடியிலோ மடிப்புக்குள்ளோ மறையும்படி பார்த்துக்கொண்டனர். மூன்றாவது பை அதே பூவில் கிடைக்காவிட்டால், கழுத்துப்பட்டியும் பையும் கைப்பட்டியும் வேறு துணியில் வைக்கப்பட்டன. குறையை மறைக்கச் செய்த இந்த வேலை பல நேரங்களில் ஆடைக்கு அழகாகவும் அமைந்தது. பொத்தான்கள் பழைய ஆடைகளிலிருந்து வந்தன. மிஞ்சிய துண்டுகள் ஒட்டுத்துணிப் போர்வைக்குப் போயின. கிழிந்த ஆடை துடைக்கும் துணியாகவும், கடைசியில் கந்தல் விரிப்பாகவும் ஆனது.

கோடையும் பருத்தியும்

இத்துணி குளிர்கால ஆடைக்கு உதவாது. கோடைக்கோ அதைவிடப் பொருத்தமான மலிவுத் துணி வேறு இல்லை. நடு அமெரிக்கச் சமவெளியின் கோடை கடுமையானது. 1936 ஜூலையில் வடக்கு டக்கோட்டா, கான்சாஸ் மாநிலங்களில் வெப்பம் 121 பாகை பாரன்ஹீட்டை (சுமார் 49 பாகை செல்சியஸ்) எட்டியது. மின்விசிறியும் மின்சாரமும் இல்லாத பண்ணை வீடுகளில் அடுப்படியிலும் வயலிலும் வேலை செய்தவர்களுக்கு, வியர்வையை உறிஞ்சி, காற்றோட்டம் தந்து, எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் தாங்கும் பருத்தி ஏற்றதாக இருந்தது. கையில்லாமலோ குட்டைக் கையுடனோ தைத்தால் துணியும் மிச்சமாயிற்று.

பூப்போட்ட பைகள்

1924இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஏசா பேல்ஸ் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் பொருள் தீர்ந்த பிறகு ஆடைத்துணியாகப் பயன்படும் வகையில் பையைச் செய்வதே அவரது கருத்து. அவ்வுரிமையைப் பெற்ற செயின்ட் லூயிஸின் ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலை, 'கிங்காம் கேர்ள்' என்ற மாவைக் கட்டம் போட்ட துணிப் பைகளில் விற்றது. பெருமந்தம் தொடங்கியது 1929இல். எனவே ஆடைத்துணிப் பை அதற்குச் சில ஆண்டுகள் மூத்தது.

ஓர் ஆலையின் மாவுக்கும் மற்றோர் ஆலையின் மாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வாங்குபவரை இழுக்க வேண்டுமானால் பைதான் வழி. பெண்கள் பையைத் துணியாகப் பார்க்கிறார்கள் என்பதை உணர்ந்த உற்பத்தியாளர்கள் வடிவமைப்பாளர்களை அமர்த்தினர். பூக்கள், கோடுகள், புள்ளிகள், குழந்தைகளுக்கான பொம்மைப் படங்கள், 'கான் வித் தி விண்ட்' திரைப்படக் காட்சிகள் எனப் பல வடிவங்கள் வந்தன. மையும் எளிதில் கரையும் மையாக மாறியது; பின்னர் ஆலையின் பெயர் நனைத்தால் உரிந்துவிடும் காகிதச் சீட்டில் அச்சிடப்பட்டது. ஜவுளிப்பை உற்பத்தியாளர் சங்கம் பையிலிருந்து ஆடை தைக்கும் முறைகளை விளக்கும் சிறுநூல்களை வெளியிட்டது.

தீவனக் கடைகளிலும் மாற்றம் ஏற்பட்டது. தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் மனைவி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, அதே பூவில் பை வாங்கி வரச் சொல்லுவாள். விரும்பிய பை அடுக்கின் அடியில் இருந்தால் மேலே உள்ள மூட்டைகளையெல்லாம் இறக்க வேண்டும். கடைக்காரர்களின் முணுமுணுப்பு அக்கால நகைச்சுவையில் நிலைத்த இடம் பெற்றது. கோழி வளர்ப்பும் முட்டைக் காசும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. இப்போது எந்த நிறுவனத்தின் தீவனம் வாங்குவது என்பதும் அவர்கள் முடிவாயிற்று. பண்ணை இல்லாத நகரத்துப் பெண்கள் ரொட்டிக் கடைகளிலிருந்து காலி மாவுப் பைகளைச் சில காசுகளுக்கு வாங்கினர்.

பெருமந்தமும் வெட்கமும்

1929இல் பவுண்டுக்கு சுமார் 17 சென்ட் விற்ற பருத்தி, 1931இல் 6 சென்ட் அளவுக்குச் சரிந்தது. பருத்தி விளைவித்த தென் மாநிலக் குத்தகை விவசாயிகளுக்கே பருத்தித்துணி வாங்க முடியாத நிலை. வெள்ளையரும் கறுப்பினத்தவருமான அந்த ஏழைக் குடும்பங்களுக்குப் பூப்போட்ட தீவனப் பைகூட எட்டவில்லை. உரம் வந்த முரட்டுப் பைகளையே அவர்கள் வெளுத்து உடுத்தினர். ஒரே 'மூட்டைத் துணி' என்ற சொல்லுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தது.

மூட்டைத் துணி உடுத்துவது வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. பள்ளியில் கேலிக்கு அஞ்சிய பிள்ளைகள் உண்டு. பெண்கள் அதற்கு விடையளித்தது தையலால்தான். எழுத்துகளை அழிக்கச் செலவிட்ட உழைப்பு, ஓரங்களில் வைத்த நெளிப்பட்டி, பூத்தையல், சாயம் எல்லாம், அது எங்கிருந்து வந்த துணி என்று பார்ப்பவர் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகவே. கடைத்துணி ஆடைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாவிட்டால் அதுவே தைத்தவளின் வெற்றி. ஆனால் அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. பகல் வேலை முடிந்த பின் விளக்கொளியில் மிதி இயந்திரத்தில் தைத்த மணிநேரங்கள் எந்த வீட்டின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

போர்க்காலம்

இரண்டாம் உலகப்போர் இந்த வெட்கத்தைப் பெருமளவு போக்கியது. பசிபிக் போரால் கல்கத்தாவிலிருந்து வரும் சணல் துணிக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, பருத்திப் பைகளின் தேவை கூடியது. 1942 ஏப்ரலில் வந்த எல்-85 என்னும் அரசாணை, துணியைச் சேமிப்பதற்காகப் பெண்களின் ஆடை நீளத்துக்கும் பாவாடைச் சுற்றளவுக்கும் வரம்பு விதித்தது. கடைகளில் நல்ல பருத்தித்துணி அரிதாயிற்று. பைத்துணியோ தொழில்துறைப் பயன்பாடாகக் கருதப்பட்டதால் தொடர்ந்து கிடைத்தது. சிக்கனம் நாட்டுப்பற்றாகப் போற்றப்பட்ட அந்த ஆண்டுகளில், வசதியானவர்களும் மூட்டைத் துணியை உடுத்தினர். 1943இல் போர் உற்பத்தி வாரியம் பைகளின் அளவுகளை 2, 5, 10, 25, 50, 100 பவுண்டு என ஒழுங்குபடுத்தியது. இதனால் எந்தப் பையில் எவ்வளவு துணி கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவதும் எளிதாயிற்று.

காகிதப் பையின் வருகை

போர் முடிந்ததும் காகிதப் பைகள் சந்தையைப் பிடித்தன. அவை பருத்தியைவிட மிக மலிவு. பருத்திப்பைத் தொழில் தன்னைக் காத்துக்கொள்ள அதே பெண்களை நாடியது. தேசியப் பருத்தி மன்றமும் ஜவுளிப்பை உற்பத்தியாளர் சங்கமும் 1950களில் பைத்துணித் தையல் போட்டிகளை நடத்திப் பரிசுகள் வழங்கின. 1959 போட்டிக்காகக் கான்சாஸ் மாநிலம் கால்டுவெல்லைச் சேர்ந்த பெண் ஒருவர் தைத்த ஆடை, வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. போட்டிகளால் காகிதத்தை வெல்ல முடியவில்லை. ஆயத்த ஆடைகளும் மலிவாகிவிட்ட நிலையில், 1960களின் தொடக்கத்தில் ஆடைத்துணிப் பைகள் கடைகளிலிருந்து மறைந்தன.

மதிப்பீடு

மாவு மூட்டைத் துணி ஆடைகள் வறுமையின் சின்னமாக மட்டுமே காட்டப்படுவதும், ஆலைகளின் கருணைக்குச் சான்றாகப் புகழப்படுவதும் முழு உண்மையன்று. ஆலைகள் பூவை அச்சிட்டது மாவு விற்பதற்காக. பூ இருந்தால் மாவு விற்கும் என்ற நிலையை உருவாக்கியவர்கள், வெள்ளைப் பையில் எழுத்தை அழித்துத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள். கையில் பணமில்லாதவர்களாக இருந்தும், தங்கள் திறமையால் ஒரு பெருந்தொழிலைத் தங்கள் விருப்பத்துக்கு ஏற்ப வளையச் செய்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் தைத்தவற்றுள் எஞ்சியிருப்பவை அருங்காட்சியகங்களில் உள்ள சில ஆடைகளும், குடும்பங்களில் வழிவழியாக வந்த ஒட்டுத்துணிப் போர்வைகளுமே. பழைய ஆடை ஒன்றின் தையலோரத்தில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகள், அத்துணி முன்பு ஒரு மூட்டையாக இருந்தது என்பதை இன்றும் காட்டிக்கொடுக்கின்றன.