பத்திரிகை வாய்திறந்த கதை

தொண்ணூறுகளின் வன்னியில் சயிக்கிளுக்கு இரண்டு தொழில். பகலில் ஆளையும் மூட்டையையும் இழுக்கும். இரவு ஒன்பதேகாலுக்கு றேடியோவைப் பேசவைக்கும். விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம் என்று பரந்தன்–முல்லைத்தீவு வீதி நெடுக இதே கதைதான். மின்சாரம் கிடையாது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து உயிர்கொடுத்துப் பார்ப்பார்கள். அதுவும் கைவிட்டால் சயிக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைச் சில்லில் சாய்த்துவிட்டு, ஒருவர் குந்தியிருந்து பெடலைச் சுற்றுவார். சுற்றுகிறவர் களைத்தால் லண்டனில் பேசுகிறவரும் களைத்துப்போவார்.

அந்த ஒன்பதேகாலுக்கும் ஒரு கதை உண்டு. 1996இல் அரசு மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தை விடவில்லை. அதனால் கொழும்பு ஒன்பதே முக்காலுக்குக் கேட்ட பி.பி.சி. தமிழோசையை உடையார்கட்டு ஒன்பதேகாலுக்கே கேட்டது. 2006இல் கொழும்புதான் பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது.

சனம் தமிழோசையைச் செய்தி என்று கேட்டது. என்னைக் கேட்டால் அது ஒரு பத்திரிகை. தலைப்பு, செய்தி, பேட்டி, விவரணம், வாசகர் கடிதத்துக்குப் பதிலாக நேயர் கடிதம் என்று வார ஏடு ஒன்றின் உறுப்பெல்லாம் அந்த அரைமணிக்குள் இருந்தன. அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்தவரும் பத்திரிகைக்காரர்தான். சோ. சிவபாதசுந்தரம், ஊர்காவற்றுறைக் கரம்பொன்காரர், பிறந்தது 1912இல்.

அவரிடம் போகுமுன் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டிலுக்குள் ஒருதரம் எட்டிப் பார்க்க வேண்டும். சுருட்டுச் சுற்றுகிறவருக்குக் கைக்கும் கண்ணுக்கும் வேலை, காதுக்கு வேலை இல்லை. அந்தக் காதுக்கு ஒருவர் அன்றைய பத்திரிகையையோ ஒரு நாவலையோ உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள், இடையில் நிறுத்தித் தர்க்கம் பண்ணுவார்கள். பள்ளிக்கூடம் மிதியாதவர்களும் உலக யுத்தத்தைப் பற்றி நுணுக்கமாகக் கதைத்தது இப்படித்தான். கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் இதே வழக்கம் இருந்தது. 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில் தொடங்கியது. வாசிப்பவரின் கூலியைத் தொழிலாளரே சேர்த்துக் கொடுத்தார்கள். மொண்டே கிறிஸ்டோ என்ற சுருட்டுக்குப் பெயர் வந்ததே அப்படி வாசிக்கக் கேட்ட நாவலால்தான் என்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு தீவுகள், ஒரே புகையிலை, ஒரே யோசனை!

கொட்டிலில் நல்ல வாசிப்பாளர் யார்? அச்சில் உள்ளதை அப்படியே ஒப்புவிப்பவர் அல்லர். நீண்ட வசனத்தை உடைப்பார். மறந்திருப்பார்கள் என்று தோன்றினால் பெயரைத் திரும்பச் சொல்வார். சலிப்புத் தட்டுகிற பந்தியைத் தாண்டுவார். யாரும் சம்பளமும் பட்டமும் கொடுக்காமலே அவர் ஓர் ஒலிபரப்பாளர்.

இனிச் சிவபாதசுந்தரத்தின் பத்திரிகைக்கு வருவோம். குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் ஈழகேசரியைத் தொடங்கினார். சுன்னாகத்துத் திருமகள் அழுத்தகத்தில் அச்சாகி, 1958 வரை வந்த வார ஏடு அது. ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் என்று நாம் சொல்லும் இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்திலிங்கம் மூவரும் அதில் எழுதினார்கள். 1938இல் சிவபாதசுந்தரம் அதன் ஆசிரியரானார். சில ஆண்டுகளில் கொழும்பு வானொலிக்குப் போனார், அங்கிருந்து லண்டன்.

லண்டனில் தமிழ் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தது. 1941 மே 3இல், யுத்தத்தின் நடுவே, வாரம் ஒருமுறை வாசிக்கும் செய்திமடலாகத் தொடங்கிய ஒலிபரப்பு அது. யுத்தம் முடிந்த பிறகு, நாற்பதுகளின் பிற்பகுதியில் அங்கே போன சிவபாதசுந்தரம் பாரதி பாட்டில் இருந்து ஒரு சொல்லை எடுத்து அதற்குப் பெயராக்கினார். பெயரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் முன்னால் இருந்த உண்மையான வேலையைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை.

அந்த வேலை வசனத்தில் இருந்தது. நம் பத்திரிகைத் தமிழில் எழுவாய் ஆற்றின் ஒரு கரையில், பயனிலை மறுகரையில். கண் நீந்திப் போய்விட்டுச் சந்தேகம் வந்தால் திரும்பி வரும். காதால் திரும்ப முடியாது. ஒரு கற்பனைச் செய்தியைப் பாருங்கள்: ‘பரந்தனில் இருந்து நெல் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு நோக்கிச் சென்ற லொறி, அண்மைய மழையால் உடைந்திருந்த விசுவமடு மதகில் இறங்கியதில், அதனைச் செலுத்திச் சென்ற சாரதி காயமடைந்தார்.’ அச்சில் இதில் ஒரு குற்றமும் இல்லை. காதுக்கு என்றால்: ‘விசுவமடுவில் ஒரு லொறிச் சாரதி காயமடைந்திருக்கிறார். அங்கே மதகு மழையில் உடைந்திருந்தது. நெல் ஏற்றிவந்த லொறி அதற்குள் இறங்கிவிட்டது.’ முதலில் ஆள், பிறகு இடம், பிறகு காரணம். எண்ணும் அப்படித்தான். 1,24,350ஐக் கண் ஒரே பார்வையில் விழுங்கும். காதுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் போதும். மேற்கோள் குறி காதுக்குத் தெரியாது. யார் சொன்னது என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பத்திரிகையில் இருந்து வானொலிக்குப் போன தலைமுறை இதையெல்லாம் வேலையோடு வேலையாகவே படித்தது. சிவபாதசுந்தரம் அதோடு நிற்காமல் 1954இல் ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதினார். கொட்டில் வாசிப்பாளருக்குக் கைப்பழக்கமாக இருந்தது, அந்த நூலோடு தமிழில் எழுதிக் கற்பிக்கக்கூடிய கலையாயிற்று.

தமிழோசை பிறகு வளர்ந்தது, தினசரி ஒலிபரப்பானது. ‘சங்கரண்ணா’ என்று நேயர்கள் அழைத்த சங்கரமூர்த்தியும், ஆனந்தி சூரியப்பிரகாசமும் வன்னி வீடுகளில் உறவினர் போலவே பேசப்பட்டார்கள். புலிகளின் குரல் வானொலியில் கேட்டதைத் தமிழோசையில் சரிபார்ப்பதும், தமிழோசையில் கேட்டதை அங்கே சரிபார்ப்பதும் வழமையானது. தமிழோசைக்காக உயிர் கொடுத்தவரும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். சிற்றலைத் தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது.

அதற்கு முன்பே உடையார்கட்டில் எல்லாம் நின்றிருந்தது. 2009 ஜனவரியில் உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்தது. அந்த வலயத்துக்குள்ளும் எறிகணைகள் விழுந்தன, உடையார்கட்டு வைத்தியசாலையும் தப்பவில்லை. உயிரைக் காவிக்கொண்டு ஓடிய சனம் புத்தகக் கட்டையா காவும்? பழைய ஈழகேசரி ஏடு ஒன்றைத் தேடி இன்று இங்கே வீடுவீடாகப் போவதில் பயன் இல்லை.

ஆனால் ஏடு இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் ஈழகேசரி இதழ்கள் பல பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. கையில் ஒரு போன் இருந்தால் போதும். என்ன, அந்தச் சிறிய திரையில் பழைய எழுத்துருவை, மங்கிய மையை ஒரு முழுக் கட்டுரைக்கு வாசித்துப் பாருங்கள், கண் கெஞ்சும். ஆகவே குரல் வேண்டும்.

இங்கேதான் இன்றைய ஒலிக்கதைக்காரர்கள் பலர் சறுக்குகிறார்கள். பழைய கட்டுரையை எடுத்து, பின்னால் ஒரு வீணையை ஓடவிட்டு, முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை ஒப்புவிக்கிறார்கள். அது கட்டுரைக்கும் மரியாதை இல்லை, கேட்பவருக்கும் இல்லை. அமெரிக்காவின் எஸ்குவயர் இதழ் தன் பழைய கட்டுரைகளை ஒலித்தொடராக்கியபோது, கட்டுரையில் இருந்து சில பகுதிகளை மட்டும் வாசிக்க வைத்து, அது எப்படி எழுதப்பட்டது, இன்று அதில் என்ன நிற்கிறது என்று ஆட்களோடு கதைத்தது. கொட்டிலில் இடையில் நிறுத்தித் தர்க்கம் பண்ணினார்களே, ஏறக்குறைய அதுதான்.

உடையார்கட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் போனில் குரல் பதியும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சிறுகதையைப் பிறகு பார்க்கலாம். சிவபாதசுந்தரம் ஆசிரியராக இருந்த காலத்து ஈழகேசரியில் ஒரு தலையங்கத்தை எடுங்கள். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டறிந்த ஒரு முதியவரைப் பக்கத்தில் இருத்துங்கள். பதிவை அழுத்துமுன் ஒருதரம் உரக்க வாசியுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ, அங்கே பேனையை வையுங்கள்.