விளையாட்டு விழாவுக்கு எந்தப் பாட்டு?

நமது குடியிருப்பின் விளையாட்டு விழாவுக்குப் பாட்டுப் பட்டியல் தயாராகி வருகிறது. பன்னாட்டுப் போட்டிகளுக்காகவே பிறந்த பாடல்கள் பல உண்டு. அவற்றின் வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1896-இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே தனிப் பாடல் இருந்தது. கவிஞர் கோஸ்திஸ் பலமாஸ் எழுத, ஸ்பைரிடன் சமாரஸ் இசையமைத்தார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்கு வரவேற்புப் பாடல் அமைத்தவர் சிதார் மேதை ரவிசங்கர். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு ஏ.ஆர்.ரகுமான். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நம் பக்கத்து மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட்டின் வரவேற்புப் பாடலும் அவருடையதே.

2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஷகிரா பாடிய 'வக்கா வக்கா' குழந்தைகளுக்கும் தெரியும். அதன் பல்லவி, கேமரூன் நாட்டின் 'கோல்டன் சவுண்ட்ஸ்' குழு 1986-இல் வெளியிட்ட 'சங்கலேவா' பாடலிலிருந்து வந்தது. இது பலருக்குத் தெரியாது.

கடன் கொடுத்தவர் பெயர் பேரேட்டில் இருக்க வேண்டும் என்பது வங்கிக்காரன் பழக்கம். எனவே என் யோசனை: தொடக்கத்துக்குச் செஸ் ஒலிம்பியாட் பாடல், ஓட்டப் பந்தயத்தின்போது முதலில் 'சங்கலேவா', அடுத்து 'வக்கா வக்கா'. போடும் முன் அந்தக் குழுவின் பெயரை மைக்கில் ஒரு முறை சொல்லிவிடுவோம். உங்கள் விருப்பப் பாடல்களைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.