ஆற்றை நம்பிய கால்வாய்

பாரமான பொருளைத் தரைமீது இழுத்துச் செல்வதைவிட, படகில் ஏற்றி நீரில் நகர்த்துவது எளிது. பாரத்தை நீரே தாங்கிக்கொள்கிறது. மெல்லச் செல்லும் படகுக்கு நீரின் தடையும் குறைவு. இரயில் தோன்றாத 18-ஆம் நூற்றாண்டில் வாணிபம் ஆறுகளை நாடியதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவின் பொடோமக் ஆறு அப்பலாச்சியன் மலைகளில் தோன்றிக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. மலைக்கு அப்பாலுள்ள நாட்டைக் கடற்கரையுடன் இணைக்க இதுவே தக்க வழி என்று ஜார்ஜ் வாஷிங்டன் கருதினார். 1785-இல் பொடோமக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவரும் அவரே.

ஐந்து இடங்களில் அருவிகளும் பாறைகளும் குறுக்கிட்டன. அங்கு மட்டும் கரையோரம் கால்வாய் வெட்டுவது, எஞ்சிய தொலைவுக்கு ஆற்றையே பயன்படுத்துவது என்பது திட்டம். கிரேட் ஃபால்ஸ் என்னுமிடத்தில் படகுகள் சுமார் 77 அடி இறங்க வேண்டியிருந்தது. அதற்காக ஐந்து நீர்ப்பூட்டுகள் படிக்கட்டுபோல் அமைக்கப்பட்டன. நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவுள்ள தொட்டி. படகு உள்ளே வந்ததும் மேற்கதவை மூடி, நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றுவார்கள். நீர்மட்டத்துடன் படகும் தாழும். பிறகு கீழ்க்கதவு திறக்கப்படும்.

கூலியாட்களும், உரிமையாளர்களிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்ட அடிமைகளும் உழைத்தனர். கடினமான பாறையை வெடிமருந்தால் தகர்த்தனர். 1802-இல் பணி முடிந்தது. ஆனால் வாஷிங்டன் 1799-லேயே காலமாகிவிட்டார்.

மாவு, புகையிலை, இரும்பு முதலியவை படகுகளில் வந்தன. ஆயினும் கம்பெனி நிலைக்கவில்லை. ஏன்? நீர்ப்பூட்டில் நீர்மட்டத்தை மனிதன் கட்டுப்படுத்தலாம். ஆற்றில் அது இயலாது. கோடையில் படகு தரைதட்டும். வெள்ளக் காலத்தில் நீரின் வேகம் ஆபத்தாகும். ஆண்டில் ஓரிரு மாதங்களே போக்குவரத்து நன்கு நடந்தது. நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்புவது கடினமாதலால், பல படகுகளைப் பிரித்து மரமாகவே விற்றுவிட்டனர்! சுங்க வருமானம் செலவுக்குப் போதவில்லை. 1828-இல் கம்பெனியின் உரிமைகள் செசபீக்-ஒஹையோ கால்வாய்க் கம்பெனியிடம் சென்றன. அக்கம்பெனி ஆற்றையொட்டித் தனிக் கால்வாயே வெட்டியது. ஆற்று நீரைப் பெற்றாலும், தனக்கென நிலையான நீர்மட்டம் கொண்ட அக்கால்வாய் 1924 வரை இயங்கியது.

பழைய முயற்சி முற்றிலும் வீணா? இல்லை. மேரிலாந்தும் வர்ஜீனியாவும் ஆற்றைப் பகிர்ந்துகொள்வது பற்றி 1785-இல் வாஷிங்டன் இல்லத்தில் பேசின. அப்பேச்சு 1786-இல் அன்னபோலிஸ் மாநாட்டுக்கும், 1787-இல் அரசியல் சட்டத்தை வகுத்த பிலடெல்பியா மாநாட்டுக்கும் வழிகோலியது. படகுகளை நெடுநாள் சுமக்காத அக்கால்வாய், சிதறிக் கிடந்த மாநிலங்களை ஒன்றுசேர்க்க உதவியது.