புத்தளக் கரையின் பாதைகளும் அவற்றைக் காக்கும் அமைப்புகளும்

சிலாபத்துக்குப் புகையிரதம் வந்தது 1916 ஆம் ஆண்டில். அது புத்தளத்தை அடைய 1926 வரை சென்றது. சிலாபம் புகையிரதம் கண்ட அதே ஆண்டிற் கனடாவில் கொனோட் சுரங்கம் திறக்கப்பட்டது. பனியே காணாத எமது கரையோரத்துக்கும் அச்சுரங்கத்துக்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். பெருந்திரளாக நகர்ந்து வரும் இயற்கையின் முன் பாதையை எவ்வாறு காப்பது என்ற வினா இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

1885 இல் முடிக்கப்பட்ட கனடியப் பசிபிக் புகையிரதப் பாதை றோஜர்ஸ் கணவாயினூடாகச் சென்றது. பனிச்சரிவு விழும் இடங்களில் முப்பத்தொரு மரக் கொட்டகைகள் பாதையின் மேல் எழுப்பப்பட்டன. அவற்றின் கூரை மலைச்சரிவின் தொடர்ச்சியாகச் சாய்ந்திருக்கும். சரியும் பனி அதன் மேலாக வழுக்கி மறுபுறப் பள்ளத்தில் விழும். ஆயினும் 1910 மார்ச்சில், ஒரு மலையிலிருந்து விழுந்த பனியை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் மீது எதிர்மலையின் பனி சரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே பாதை சுரங்கத்துள் இறங்கியது.

எமது மாவட்டத்தில் அக்கொட்டகைக்கு உறவான அமைப்பு எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலமாகும். புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பழைய வீதி அங்கேதான் கலா ஓயாவைக் கடக்கின்றது. ஆற்றுப் படுக்கையோடு ஒட்டித் தாழக் கிடப்பது சப்பாத்துப் பாலம். பெருவெள்ளம் அதன் மேலாகவே பாயும். உயர்ந்த கைப்பிடிச் சுவர் அதற்கு ஆகாது. அடித்து வரும் மரங்கள் அதிற் சிக்கினாற் பாலமே அணையாகிவிடும். மாரி காலத்திற் போக்குவரத்து நின்றுவிடும். மறுகரையில் நோயாளியோடு காத்திருப்பவருக்கு இக்கோட்பாடு ஆறுதல் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாவட்டத்தின் தென்கரையிற் கைக்கொள்ளப்பட்ட வழி வேறு. மகா ஓயா கொணரும் மணலை அலைகள் வடக்கு நோக்கி நகர்த்தி, வென்னப்புவ, மாரவில கரைகளைப் பேணி வந்தன. ஆற்று மணல் கட்டடங்களுக்காக அள்ளப்பட, கடல் கரையைத் தின்னலாயிற்று. கரையோர வீதிகளையும் வீடுகளையும் காக்கக் கருங்கற் சுவர்களும் கடலுள் நீளும் குறுக்கணைகளும் இடப்பட்டன. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் கரையோர வலயத்து அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் குறுக்கணையின் இயல்பைச் சட்டம் மாற்ற முடியாது. அது மணலைத் தன் தெற்கே பிடித்து வைத்துக்கொள்ளும். மணலின்றி அரிக்கப்படுவது வடக்கேயுள்ள கிராமம். அங்கும் ஓர் அணை கேட்கப்படும், பின்னர் அதற்கப்பாலும்.

கடலரிப்புப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது கரைவலையை. வலையை இழுத்தேற்ற வெறும் மணற்கரை வேண்டும். கல் குவிக்கப்பட்ட பாட்டில் வலை சிக்கிக் கிழியும். வீதி காக்கப்படுகின்றது, அவ்வீதி வழியே மீன் அனுப்பியோரின் பாடு அழிகின்றது. கொட்டகைக் கூரை பனியை எவரும் வாழாத பள்ளத்துக்கு அனுப்பியது. மாரவிலைக்கு வடக்கே சிலாபம் வரையிற் கிராமங்களே உள்ளன.