பாலத்தின் மீது நடந்த மக்கள்



ஓர் ஆற்றின் குறுக்கே பாலம் எழும்பும்பொழுது, இனி அக்கரைக்குப் போவது எளிது என்று நாம் மகிழ்கின்றோம். ஆனால் அந்தப் பாலம் யாருக்காக? வண்டி வைத்திருப்பவருக்கு மட்டுமா, நடந்து போகிறவருக்கும் சேர்த்தா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு வட்டாரத்து மக்கள் விடை கண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கடலை ஒட்டி அமைந்த துறைமுக நகரம் சார்ல்ஸ்டன். அதற்கும் மவுண்ட் பிளசண்ட் என்னும் ஊருக்கும் இடையே கூப்பர் ஆறு அகன்று ஓடுகின்றது.

அந்தப் பகுதியும் தோட்டங்கள் நிறைந்த பூமியாக இருந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து, அங்கே நெல் விளைவித்தார்கள். 1865ஆம் ஆண்டுடன் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அம்மக்கள் கொண்டுவந்த கைத்தொழில் ஒழியவில்லை. புல்லைச் சுருளாக வைத்துத் தைத்து, அகன்ற தட்டுக்கூடைகளைச் செய்தார்கள். அவற்றில் நெல்லைப் புடைத்தார்கள். நம் வீட்டு முறத்திற்கு அது உறவு என்றே சொல்லலாம்.

1929ஆம் ஆண்டு வரை கூப்பர் ஆற்றைக் கடக்கப் படகுகளே துணை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முதல் பாலம் திறக்கப்பட்டது. அதனைக் கட்டியது ஒரு தனியார் நிறுவனம். ஆகவே கடந்து செல்வோர் சுங்கம் கட்டவேண்டும். நம் பேச்சு வழக்கில் சொன்னால், டோல். அப்படியிருந்தும் பாலத்தினால் நன்மை விளைந்தது. பாலமும் தார்ச்சாலையும் வந்த பிறகு கார்களில் பயணிகள் வந்தார்கள். 1930ஆம் ஆண்டையொட்டி, மவுண்ட் பிளசண்ட் பகுதிப் பெண்கள் சாலையோரத்தில் பந்தல் போட்டுக் கூடைகளை விற்கத் தொடங்கினார்கள். 2006ஆம் ஆண்டில் அக்கூடைப் பின்னல் மாநிலத்தின் கைவினையாக அறிவிக்கப்பட்டது.

1946ஆம் ஆண்டு சோதனை வந்தது. பிப்ரவரி மாதத்தில், காற்றில் அலைக்கழிந்த சரக்குக் கப்பலொன்று பாலத்தில் மோதியது. ஒரு பகுதி இடிந்து விழ, காரில் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தினர் ஐவர் மாண்டனர். அதே ஆண்டில் சுங்கமும் நீக்கப்பட்டது. போக்குவரத்துப் பெருகவே, 1966ஆம் ஆண்டு பக்கத்திலேயே இரண்டாவது பாலம் கட்டப்பட்டது.

இப்பொழுது பாலம் இரண்டு. ஆனாலும் நடப்பவர்களுக்கென்று ஒரு பாதை எந்தப் பாலத்திலும் இல்லை. காரில்லாதவருக்கு அக்கரை கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டவில்லை.

இந்த நிலையில், சார்ல்ஸ்டன் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் மார்கஸ் நியூபெரி ஒரு யோசனையை முன்வைத்தார். மக்கள் உடற்பயிற்சியில் நாட்டங்கொள்ள, பாலத்தின் மீது ஓட்டப்பந்தயம் நடத்தலாம் என்பதே அது. 1978ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முதல் ஓட்டம் நடைபெற்றது. ஆயிரம் பேர் அளவில் கலந்துகொண்டார்கள். பந்தயத் தூரம் 10 கிலோமீட்டர்.

நாளடைவில் பங்கேற்போர் ஆயிரக்கணக்கிலிருந்து பல்லாயிரமாகப் பெருகினர். முந்தி ஓடும் வீரர்கள் முன்னே செல்ல, சாதாரண மக்கள் பின்னே நடந்து வந்தார்கள். வென்றவர் சிலரே, ஆற்றைத் தம் காலால் கடந்தவர் பல்லாயிரம் பேர். ஆண்டில் ஒரு காலைப்பொழுதாவது கார்கள் ஒதுங்கி நிற்க, பாலம் கால்களுக்குச் சொந்தமாயிற்று.

ஒரு காலைப்பொழுது போதுமா? பழைய பாலங்களுக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டத் திட்டமிட்டபொழுது, சைக்கிளோட்டிகளும் ஊர்மக்களும் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தனிப்பாதை வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். அவர்கள் கேட்டது கிடைத்தது.

2005ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் ஆர்தர் ரேவனல் பாலம் திறக்கப்பட்டது. அதன் இரு கோபுரங்களும் ஏறத்தாழ 175 மீட்டர் உயரம். அவற்றிலிருந்து இறங்கும் கம்பி வடங்கள் பாலத்தைத் தாங்குகின்றன. கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 471 மீட்டர். வாகனங்களுக்கு எட்டுத் தடங்கள். அவற்றின் ஓரத்தில், தடுப்புச் சுவருக்கு அப்பால், 12 அடி அகலத்தில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒரு பாதை. அதற்குக் கட்டணம் இல்லை. ஆண்டு முழுவதும் அதில் நடக்கலாம்.

இந்த வரலாறு நமக்குக் கூறுவது என்ன? ஓட்டப்பந்தயம் ஒன்றே அந்தப் பாதையைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பாலத்தின் மேல் காற்று வாங்கி நடந்த மக்களுக்கு, அது தங்களுக்கும் உரியதென்ற எண்ணம் பிறப்பது இயல்பே. அதைவிட முக்கியம், அவர்கள் கேட்ட வேளை. கட்டி முடிந்த பாலத்தில் பாதையை ஒட்டவைப்பது கடினம்; வரைபடத்தில் ஒரு கோடு சேர்ப்பது எளிது.

நம் பகுதியிலும் புதிய சாலையோ பாலமோ வரவிருந்தால், பள்ளிக்கு நடக்கும் பிள்ளையையும் மருந்தகத்திற்கு நடக்கும் பாட்டியையும் நினைத்துப் பார்ப்போம். அவர்கள் எந்த ஓரமாகப் போவார்கள் என்று முதல் கூட்டத்திலேயே எழுந்து கேட்போம்.