உப்பும் சம்பளமும்

எங்கள் கீழ்புத்துப்பட்டுக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. ஆதலால் ஆங்கிலச் சொல்வரலாற்றை உப்பிலிருந்து தொடங்குவதே எனக்கு இயல்பாகிவிட்டது.

எஸ், ஏ, எல் என்னும் மூன்றெழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அம்மொழியில் பல. உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற இலத்தீன் சொல்லே ஊதியமாகிய ‘சாலரி’க்கும், உப்பிட்ட பச்சைக்கறியாகிய ‘சாலட்’டுக்கும் வேர். ஆனால் வணக்கமாகிய ‘சல்யூட்’, அதே எழுத்துகளைக் கொண்டிருந்தும், உடல்நலத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லினின்று பிறந்தது. ‘எல்’ எழுத்தையே இழந்துவிட்ட ‘சாஸ்’ என்பதோ உப்பின் குலத்தது! எழுத்தொப்புமை கொண்டு உறவு பேசலாகாது.

உரோமப் போர்வீரர்க்கு உப்பையே கூலியாக அளந்தனர் என்பர். அதற்குப் பண்டைச் சான்று இல்லை. முதல் நூற்றாண்டினரான பிளினி, ஊதியப் பெயர் உப்பினின்று வந்தது என்றாரேயன்றி, உப்பை அளந்து கொடுத்ததாகச் சொல்லவில்லை.

நம்மவரும் ‘சம்பளம்’ என்பதைச் சம்பா நெல் என்றும், அளமாகிய உப்பு என்றும் பிரித்து மகிழ்வர். உப்பளக் கரையில் நின்று கேட்டால் இனிக்கத்தான் செய்கிறது. உப்புக்கு நெல்லை மாற்றிய உமணரை அகநானூறு காட்டுவதும் மெய்யே. ஆயினும் அது பண்டமாற்று, கூலியன்று. வழிநடைக்குரிய கட்டுணவைக் குறிக்கும் ‘சம்பல’ என்னும் வடசொல்லே இதற்கு நெருங்கிய உறவு என்பது என் கருத்து.

அளத்தில் உழைப்போர்க்கு இச்சொல்லாராய்ச்சியில் பங்கில்லை. அவர்கள் பெறுவது சம்பளமன்று, நாட்கூலி. வடகிழக்குப் பருவமழை இறங்கிப் பாத்திகள் மூழ்கினால் அதுவும் நின்றுவிடும்.